ஒரே ஆள், மூன்று வகைச் சோறு

தாமிரபரணிப் பாசனத்தில் ஒரே வயல் கார் பருவமும் காணும், பிசானப் பருவமும் காணும். காருக்கு அம்பை 16, பிசானத்துக்கு வேறொரு ரகம் என்று நட்டுவிட்டு, எந்த ரகம் கூட விளைந்தது என்று கேட்டால் அம்பாசமுத்திரத்து விவசாயி சிரிப்பார். ரகம் மட்டுமா மாறியது? மழையும் வெயிலும் சேர்ந்தல்லவா மாறின! பாதி வயல்களில் வரிசையைத் திருப்பி நட்டிருந்தால் பருவத்தின் பங்கைக் கழித்துவிடலாம். மருத்துவத்தில் 'கிராஸ் ஓவர்' ஆய்வு செய்வதும் இதைத்தான். அங்கே வயலுக்குப் பதில் மனிதர்.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் அப்படியொரு ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் இல்லாத, எடை கூடிய 15 பேர். வெள்ளை அரிசி, தவிடு நீக்காத அரிசி, தவிடு நீக்காத அரிசியோடு பயறு என மூன்று வகைச் சாப்பாடு, ஒவ்வொன்றும் ஐந்து நாள். யாருக்கு எது முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். தோலுக்கடியில் செருகிய சிறு கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையைக் குறித்துக்கொண்டே இருந்தது. வெள்ளை அரிசியோடு ஒப்பிட்டால், 24 மணி நேரச் சர்க்கரை ஏற்றம் தவிட்டரிசியில் 19.8 சதவீதமும், பயறு சேர்த்ததில் 22.9 சதவீதமும் குறைவு.

வெறும் 15 பேர் போதுமா? போதும். ஒரே சோற்றைத் தின்றாலும் ஆளுக்கு ஆள் சர்க்கரை ஏறுவது வேறுபடும். இங்கே ஒருவரை அவரோடுதான் ஒப்பிடுகிறோம். அந்த வேறுபாடு கணக்கில் குறுக்கிடாது.

ஆனால் இடையில் ஒரு தொல்லை உண்டு. காருக்கு மிதித்த கொழிஞ்சியின் சத்து பிசானத்துக்கும் மிஞ்சும். முதல் சாப்பாட்டின் தாக்கமும் அப்படியே இரண்டாவதில் கலந்துவிடலாம். அதனால்தான் நடுவே இரண்டு வாரம் சும்மா விட்டார்கள். வயலை ஆறப்போடுவது போல. ஒரு தடவையிலேயே குணமாகிவிடும் நோய்களுக்கு இந்த முறை ஆகாது. குணமானவரிடம் அடுத்த மருந்தை எப்படிச் சோதிப்பது?

நெல்லைச் சொதியில் பாசிப்பருப்பு இருக்கிறதே என்று உடனே சந்தோஷப்பட வேண்டாம். 19.8க்கும் 22.9க்கும் உள்ள இடைவெளி, 15 பேரை வைத்து அடித்துப் பேசும் அளவுக்குப் பெரிதல்ல. அதோடு, இவை ஐந்து நாள் கணக்குகள். நோய் வருமா வராதா என்பதை அவை சொல்லாது. அதற்குப் பல ஆண்டுகள் தொடரும் ஆய்வு வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அரிசியை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.