சின்னாளப்பட்டி: நிலம் கொடுத்த நெசவூர்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சுமார் 11 கிலோமீட்டரில் இருக்கிறது சின்னாளப்பட்டி. கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைச்சரிவு. நடுவே வறண்ட சமவெளி. விவசாயிக்குச் சோதனையான வெயில், சாயம் தோய்ப்பவருக்குக் கைகொடுத்தது. அலசிய சேலைகளை வெட்டவெளியில் நீளமாக விரித்துப் போட்டால் சீக்கிரமே உலர்ந்துவிடும்.

ஆத்தூர் தாலுகாவைச் சேர்ந்த இந்தப் பேரூராட்சியை வளர்த்தது நெசவுதான். தேவாங்கர் முதலிய நெசவுச் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகத் தறியில் உட்கார்ந்த ஊர் இது. வீட்டுக்குள் ஒருவர் நெய்ய, இன்னொருவர் தார் சுற்றுவார். தெருவில் பாவு ஓட்டுவார்கள். துணியில் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கி எடுக்கும் சுங்குடி சேலை இங்கே செழித்தது. பிறகு செயற்கைப் பட்டிழையில் நெய்த ‘சின்னாளப்பட்டுச் சேலை’ தமிழகமெங்கும் பரவியது. அசல் பட்டு வாங்க வசதியில்லாத வீட்டுக் கல்யாணங்களிலும் பளபளப்பான சேலை உடுத்த முடிந்தது இந்தத் தறிகளால்தான்.

இந்த ஊரின் இன்னொரு பெருமை, அதன் கொடை. 1947ல் டாக்டர் சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் இதன் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண்ணான சௌந்தரம், பட்டணத்து வசதிகளை விட்டுக் கிராமத்துத் தாய்மாருக்கு மருத்துவம் பார்க்க வந்தவர். 1956ல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் உருவானது. அதற்கு 200 ஏக்கருக்கு மேல் நிலம் வழங்கியவர்கள் சின்னாளப்பட்டி மக்கள். 1976ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று வெளிமாநில மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள்.

ஆனால், அந்தக் கொடையூரில் கைத்தறிச் சத்தம் குறைந்துவருகிறது. விசைத்தறித் துணி மலிவாகக் கிடைக்கிறது. கைத்தறிக் கூலியோ வீட்டுச் செலவுக்குப் போதவில்லை. பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுங்குடி வாங்கும்போது, கைத்தறியா, கையால் முடிச்சிட்டதா என்று கடைக்காரரிடம் கேட்போம். ஆம் என்றால் அந்த உழைப்புக்குரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுப்போம். ஊர் தந்த மண்ணில் வளர்ந்த பல்கலைக்கழகமும் புதிய வடிவமைப்பு, தரமான சாயம், நேரடி விற்பனை ஆகியவற்றில் நெசவாளரோடு இன்னும் நெருங்கி நிற்க வேண்டும். நிலம் கொடுத்த ஊருக்கு நாம் கட்ட வேண்டிய கடன் அது.