கடல் கடக்கும் பார்சலுக்கு வரி கட்டுவது யார்?

மார்ச் 31 நெருங்க நெருங்க, ஏற்றுமதிச் சரக்கை வரி செலுத்தாமல் அனுப்புவதற்காக ஜி.எஸ்.டி. தளத்தில் கொடுக்கும் எல்.யூ.டி. என்ற உறுதிப் பத்திரத்தைப் புதிய நிதியாண்டுக்கு மறுபடியும் தாக்கல் செய்ய வேண்டுமா, சென்ற ஆண்டு கொடுத்ததே போதாதா என்று கேட்டு வாசகர்களின் கடிதங்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. மறுபடியும் செய்யத்தான் வேண்டும், அது ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும், அதற்கான ஆர்.எஃப்.டி.-11 படிவத்துக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் அந்தக் கடிதங்களிலேயே, பெரும்பாலும் கடைசி வரியில், இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கேட்கப்பட்டிருக்கிறது: ஆன்லைனில் கடை திறந்து சில மாதங்களே ஆன ஒருவர், வெளிநாடுகளுக்கும் அனுப்புவோம் என்று அறிவித்துவிடலாமா என்பது. அதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை சொல்வதற்கு முன், பார்சல் போய்ச் சேரும் நாட்டில் அதன்மேல் விழும் சுங்க வரியை யார், எந்த இடத்தில், எப்பொழுது செலுத்துகிறார் என்ற ஏற்பாட்டைச் சற்று விரிவாகவே பார்த்தாக வேண்டும்.

வழக்கமான முறையில் அந்த வரி வாங்குகிறவர் தலையில் விழுகிறது. பார்சல் அவருடைய ஊரை அடைந்ததும் கூரியர் நிறுவனம் வரியைத் தானே முன்பணமாகக் கட்டிவிட்டு, அதன்மேல் தன் கட்டணத்தையும் சேர்த்து, வாசலில் நின்று பணம் கேட்கிறது. கடையில் கண்ட விலைக்கு மேல் ஒரு காசும் தர வேண்டியிராது என்று நம்பியிருந்தவர் வேண்டாம் என்று திருப்பிவிட்டால், போன கூலியும் வந்த கூலியும், சில சமயம் சரக்கே கைவிடப்படுகிற நஷ்டமும், இங்கே இருக்கும் விற்பனையாளரையே சேர்கின்றன. இதற்கு மாற்றாக உள்ளதுதான் வரியை அனுப்புகிறவரே முன்கூட்டிச் செலுத்திவிடும் முறை. வியாபாரிகள் இதை டி.டி.பி. என்கிறார்கள்.

இந்த இரண்டாவது முறை 2025-ல் நம் தபாலாபீஸ் கவுன்டருக்கே வந்து சேர்ந்தது. அதுவரை நம் நாட்டிலிருந்து செல்லும், 800 டாலர் மதிப்புக்கு உட்பட்ட எந்தப் பார்சலும் அமெரிக்காவுக்குள் சுங்க வரியின்றி நுழைய முடிந்தது. அந்தச் சலுகையை அந்நாட்டு அரசு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகாத நிலையில் இந்தியத் தபால் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல்களில் பெரும்பாலானவற்றை ஏற்காமல் நிறுத்திவைத்து, அக்டோபர் 15 அன்று மறுபடி தொடங்கியது. தொடங்கியபோது வந்த ஏற்பாடு என்னவென்றால், அமெரிக்க அரசுக்குச் சேர வேண்டிய வரியை நம் ஊர்த் தபாலாபீஸே, பார்சலைப் பதிவு செய்யும் வேளையில், அனுப்புகிறவரிடமிருந்து கணக்கிட்டு வாங்கி, அந்நாட்டுச் சுங்க இலாகாவின் அங்கீகாரம் பெற்ற இடையாளர் வழியாகக் கட்டிவிடுவது. விகிதம் அன்றைக்கு, நாம் எழுதிக் கொடுக்கும் சரக்கு மதிப்பில், கப்பல் கூலி நீங்கலாக, 50 சதவீதம். இந்த விகிதம் அரசாங்கங்களின் பேச்சுவார்த்தையோடு ஏறியும் இறங்கியும் மாறக்கூடியது என்பதால் அனுப்பும் நாளன்று கேட்டுக்கொள்ள வேண்டும். கவனிக்க வேண்டியது, விகிதம் எதுவானாலும் வசூலிக்கும் இடம் மாறிவிட்டது என்பதைத்தான்.

தபால் துறையின் அறிவிப்பு இதைச் சிறு வியாபாரிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் ஓர் அனுகூலமாகச் சொல்லிற்று. கூரியர் சரக்குக்கு உள்ள பொருள்வாரி வரிகள் தபாலுக்கு இல்லை, இந்த வசூலுக்காகத் துறை தனிக் கட்டணம் வாங்காது என்ற இரண்டும் வாஸ்தவந்தான். ஆயினும், 2,000 ரூபாய் விலையுள்ள ஒரு கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொண்டு அன்றைய விகிதப்படி கணக்குப் பார்த்தால், நெசவாளரிடம் சரக்கு எடுத்த பணமும் தபால் கூலியும் போக இன்னும் 1,000 ரூபாயைக் கவுன்டரிலேயே வைத்தால்தான் அந்தச் சேலை நகரும் என்பதும், அந்த ஆயிரத்தை விலையில் சேர்த்தால் வாங்குகிறவர் காரணம் புரியாமல் கடையை விட்டுப் போய்விடுவார், சேர்க்காவிட்டால் லாபமே போய்விடும் என்பதும் வெளிப்படுகின்றன. வழக்கமான முறையில் வாங்குகிறவர் தாங்கும் சுமை இப்பொழுது விற்கிறவரிடம் வந்திருக்கிறது. அதை அனுகூலம் என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சுமைக்கு அஞ்சித்தான் பலரும் சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதவோ, ‘அன்பளிப்பு’ என்று எழுதவோ துணிகிறார்கள். வாங்குகிறவர்களே அப்படிச் செய்யச் சொல்லுவதும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அமெரிக்கா அன்பளிப்புக்குத் தந்திருக்கும் 100 டாலர் விலக்கு, விலை பெற்று விற்ற பொருளுக்குச் செல்லாது. அதுமட்டுமல்ல, வங்கியில் வந்து சேரும் அந்நியச் செலாவணித் தொகை ஒன்றாகவும் ஏற்றுமதிப் பத்திரத்தில் எழுதிய தொகை வேறாகவும் இருந்தால், அந்த முரண்பாட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். பார்சல் காணாமற் போனாலும், எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கேட்க இயலாது.

படிவத்தில் ‘துணி’ என்று ஒரே சொல்லாக எழுதுவதும் தாமதத்துக்கே வழி. கைத்தறிப் பருத்திச் சேலை, எண்ணிக்கை ஒன்று, எடை இவ்வளவு, எச்.எஸ். என்ற சரக்கு வகைப்பாட்டு எண் இன்னது என்று எழுத வேண்டும். சேலை தைக்கப்படாததாகையால் நம் சுங்கப் பட்டியலில் அது ஆடையாக அல்லாமல் நெய்த துணியாகவே கருதப்படுகிறது: பட்டு 5007-ன் கீழும், பருத்தி 5208-ன் கீழும் வரும்.

எல்லா நாடுகளும் அமெரிக்காவைப் போன்றவை அல்ல. பிரிட்டன் 2021 ஜனவரி முதல், 135 பவுனுக்கு உட்பட்ட பார்சலை நேரடியாக விற்கும் வெளிநாட்டுக் கடைக்காரர் அங்கே வாட் வரிக்குப் பதிவு செய்தே தீர வேண்டும் என்கிறது. பெரிய விற்பனைத் தளத்தின் மூலம் விற்றால் அந்தப் பொறுப்பு தளத்தைச் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ விலக்கை 2021 ஜூலையிலேயே எடுத்துவிட்டது. சிங்கப்பூரோ, 400 சிங்கப்பூர் டாலர் வரை விமானத்திலோ தபாலிலோ வரும் பொருளுக்கு ஜி.எஸ்.டி. கட்டும் பொறுப்பைப் பெரிய வியாபாரிகளின் மீது மட்டுமே வைத்திருக்கிறது. அந்த நாட்டு வாடிக்கையாளருக்கே ஆண்டில் லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல் விற்காத ஒரு சிறு கடைக்காரரின் சேலை வாசலில் வரி கேட்காமல் போய்ச் சேருகிறது. ஆஸ்திரேலியாவிலும் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரை ஏறக்குறைய இதே நிலைதான். அங்கே பதிவு செய்ய வேண்டிய எல்லை, ஆண்டுக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலர் விற்பனை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள். விற்றுவரவு குறைவாக இருந்தாலும் ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. பதிவு வேண்டுமா? வேண்டும். கூரியரில் கூலி ஏன் கூடுகிறது? நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையும் எடையாகக் கொள்கிறார்கள். 30, 30, 40 சென்டிமீட்டர் பெட்டியிலுள்ள தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, தராசில் எவ்வளவு இலேசாக இருந்தாலும், 7.2 கிலோவுக்குக் கூலி கேட்கும். ஊறுகாய், அப்பளம் அனுப்பலாமா? விற்பனைக்கான உணவுக்கு அமெரிக்காவில் முன்னறிவிப்புத் தர வேண்டும். முதல் ஆண்டில் வேண்டாம். திருப்பி அனுப்பும் வசதி? உள்நாட்டில் தரும் வாக்குறுதியை வெளிநாட்டுக்கு நீட்ட வேண்டாம்.

ஆகவே, உலகம் முழுவதற்கும் அனுப்புவோம் என்ற பொத்தானைப் புதியவர் யாரும் அழுத்த வேண்டாம் என்பதே என் முடிவு. தட்டையாக மடிந்து, உடையாமல், கெடாமல் போகும் ஒரு சரக்கையும், வரி ஏற்பாடு தெளிவாகத் தெரிந்த ஒரு நாட்டையும் தேர்ந்தெடுத்து, சிங்கப்பூரிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவிலிருந்து ஆர்டர் வந்தால், அன்றைய வரியைத் தபாலாபீஸில் விசாரித்து, அதை விலையோடு கலக்காமல் தனித் தொகையாக எழுதி அனுப்பி, வாங்குகிறவர் எழுத்தில் சம்மதித்த பிறகே பணம் பெற்றுக்கொள்ளுங்கள்.