நெடுந்தீவுக் குதிரைகளுக்கு விற்றமின் வேண்டுமா?

கோடை வந்தால் நெடுந்தீவுக் குதிரைகள் எலும்பும் தோலுமாய் நிற்கும் படங்களும் வந்துவிடும். அவற்றைப் பார்த்துவிட்டு, "விற்றமின் வாங்க காசு அனுப்பட்டுமா?" என்று வெளிநாட்டில் உள்ள உறவுகள் என்னிடம் கேட்பதுண்டு. நல்ல மனதோடு கேட்கிறார்கள். அந்தக் காசு உரிய இடத்துக்குப் போகவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குதிரைக்குத் தேவையான விற்றமின்கள் பலவும் அதன் உடலிலேயே உருவாகின்றன. விற்றமின் சியை ஈரல் ஆக்குகிறது. பி வகைகளையும் கேயையும் பெருங்குடலில் வாழும் நுண்ணங்கிகள் ஆக்கித் தருகின்றன. டி வெயிலில் கிடைக்கிறது. நெடுந்தீவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

மிஞ்சுவது ஏயும் ஈயும். இவை இரண்டும் பசும்புல்லில் நிறைய உண்டு. 200 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6,000 சர்வதேச அலகு விற்றமின் ஏ போதும். நல்ல பசும்புல் ஒரு கிலோவே அதைவிடக் கூடுதலாகத் தரும். புல் காய்ந்தால் இரண்டும் பெருமளவு அழிந்துவிடும். ஆனாலும் மாரியில் மேய்ந்தபோது ஈரலில் சேர்ந்த விற்றமின் ஏ சில மாதங்களுக்குத் தாக்குப்பிடிக்கும்.

தண்ணீரை அப்படிச் சேமித்து வைக்க முடியாது. அதே குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 லீற்றர் தண்ணீர் வேண்டும். வெக்கையில் அது இரட்டிப்பாகும். தண்ணீர் குறைந்தால் காய்ந்த தீனி குடலில் இறுகிவிடும். அதனால் வரும் வயிற்றுக்குத்து குதிரையைச் சாகடிக்கவும் கூடும்.

விற்றமினை அள்ளிக் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. ஏயும் டியும் அளவு மிஞ்சினால் நஞ்சு. கட்டாக்காலியாகத் திரியும் கூட்டத்துக்கு அளந்து கொடுக்கவும் முடியாது. பலமான குதிரை நிறையத் தின்னும், மெலிந்தது ஒதுங்கி நிற்கும். பசியோடு நிற்கிறதே என்று அரிசியையோ தானியத்தையோ திடீரெனக் கொட்டினால் குளம்பு அழற்சி வரலாம்.

ஆகவே உதவ விரும்புவோர் முதலில் தண்ணீரைப் பாருங்கள். மாரிக்கு முன் குளங்களையும் கேணிகளையும் தூர்வார வேண்டும். கோடையில் தொட்டிகளை நிரப்ப வேண்டும். குடிதண்ணீருக்குத் தவிக்கும் தீவு மக்களின் பங்கில் கைவைக்காமல் அதைச் செய்யவேண்டும். அடுத்தது பசுந்தீனி. விற்றமின், கால்நடை வைத்தியர் பரிசோதித்து எழுதிக்கொடுக்கும் குதிரைக்கு மட்டும் போதும்.