பேசாப் பல்லியின் பிணியறிதல்

பல்லி என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன சுவரும் சகுனமுமேயாகும். பிரிந்த தலைவன் வரவைப் பல்லியின் ஒலி கொண்டு எதிர்நோக்கும் தலைவியரைச் சங்க அகப்பாடல்களில் காண்கிறோம். அங்கே பல்லி சொல்கிறது, மனிதர் கேட்கின்றனர். கண்ணாடிப் பெட்டியில் அடைத்து வளர்க்கப்படும் பல்லியோ தன் நோயைச் சொல்வதில்லை. வளர்ப்பவரே அதனைக் கண்டறிதல் வேண்டும்.

சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவர், தாம் வளர்த்த சிறுத்தைப் பல்லி இரை எடுக்கவில்லை எனக் கலங்கி வந்தார். கால்நடை மருத்துவர் அதன் தாடையைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு மென்மையடைந்து வளைந்திருந்தது. காலம் கடந்துவிட்டமையால் அது பிழைக்கவில்லை. அந்நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சிறுத்தைப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலத்துக்குரியது. 1854-இல் பிளைத் என்னும் அறிஞர் இதனை அறிவியலுலகிற்கு அறிமுகப்படுத்தினார். நம் வீட்டுப் பல்லியைப் போலன்றி இதற்கு அசையும் இமைகள் உண்டு; சுவரில் ஒட்டும் விரல் அமைப்பு இல்லை. பருத்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைக்கும். நன்கு பேணினால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்பது ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. அந்நெறியிலேயே இதனையும் காண்போம்.

இரை மறுத்தல்: பல்லி தன் உடல்வெப்பத்தைச் சூழலிலிருந்து பெறும் உயிர். வெப்பம் குறைந்தால் செரிமானம் தளரும், பசியும் நிற்கும். ஆகவே முதலில் ஆராய வேண்டியது பெட்டியின் வெப்பநிலை. ஒரு புறத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியசும், மறுபுறம் 24 முதல் 26 டிகிரியும் இருத்தல் நன்று. இதனைக் கையால் தொட்டு மதிப்பிடலாகாது. வெப்பமானி கொண்டே அளக்க வேண்டும். குளிர்காலத்திலும் இனப்பெருக்கக் காலத்திலும் நலமான பல்லியும் இரையைக் குறைப்பதுண்டு. எனவே வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்து வைத்தல் வேண்டும். எடை நூற்றில் பத்துப் பங்கு குறையுமாயின் மருத்துவரை நாடுதல் இன்றியமையாதது.

எலும்பு மென்மையாதல்: சுவர்க்கோழி, மாவுப்புழு முதலிய இரைகளில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. இரையில் கால்சியம் போதாதபோது உடல் தன் எலும்பிலிருந்தே அதனை எடுத்துக்கொள்ளும். நடுக்கம், வளைந்த கால்கள், மென்மையான தாடை, உடலைத் தூக்கி நடக்க இயலாமை ஆகியன அறிகுறிகள். இரைப்பூச்சிகளின் மீது கால்சியப் பொடி தூவிக் கொடுப்பதும், வைட்டமின் டி3 அல்லது அதற்குரிய புற ஊதா விளக்கு அமைப்பதும் இந்நோய் வாராமல் காக்கும். நோய் முற்றியபின் பொடி மட்டும் போதாது. கால்சியம் குறைந்த பல்லி மணலைத் தின்று குடலடைப்புக்கும் ஆளாகலாம். ஆதலால் பெட்டித் தரையில் காகிதமோ ஓடோ பரப்புவதே பாதுகாப்பானது.

தோலுரிதல்: ஈரம் போதாதபோது பழந்தோல் முழுதும் கழலாது. விரலில் தங்கிய தோல் நூல்போல் இறுக்கிக் குருதியோட்டத்தைத் தடுப்பதால் விரலே உதிர்ந்துவிடும். பெட்டிக்குள் ஈரப்பாசியோ ஈரத்தாளோ இட்ட மறைவிடம் ஒன்று எப்பொழுதும் இருத்தல் வேண்டும். தங்கிய தோலை வறட்சியாக இழுக்கலாகாது. ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிற்கவிட்டு, ஈரப்பஞ்சால் மெல்ல நீக்குக.

வால் மெலிதல்: உண்டும் வால் குச்சிபோல் மெலிந்து, கழிச்சலும் காணுமாயின் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் இவற்றுள் மிகக் கொடியது. உறுதியான மருந்தற்றது, பிற பல்லிகளுக்கும் பரவுவது, வழக்கமான சலவைத் தூளுக்கு அழியாதது. புதிதாக வந்த பல்லியை இரண்டு மூன்று திங்கள் தனித்து வைத்து, கழிவைப் பரிசோதிப்பதே காப்பு. நலமாகத் தோன்றும் பல்லியும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால், தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுதல் கட்டாயம். குழந்தைகள் இதில் விலக்கல்லர்.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் அளியாமல், தானே இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததை நாம் அறிவோம். பல்லியை வளர்க்கலாமா என்னும் வினாவை மார்க்க அறிஞர்களிடம் விட்டுவிடுவோம். அடைத்து வைத்தபின் அதன் பசிக்கும் பிணிக்கும் பொறுப்பாளர் யார் என்பதில் ஐயமில்லை. அவ்வுயிர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வாங்கும் முன்பே வெப்பமானியும் எடைக்கருவியும் வாங்கி வைக்கவும், ஊர்வனவற்றை அறிந்த மருத்துவர் ஒருவரைத் தேடி வைக்கவும் இயலாதவர், அப்பல்லியை வாங்காதிருப்பதே அதற்குச் செய்யும் நன்மையாகும்.