கண் சோதிக்கும் கல்வி

நாற்பது வயது கடந்ததும் கிட்டப் பார்வை மங்குவது மனித இயற்கை. வெள்ளெழுத்து என்று நம்மவர் இதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். காரியாலயத்துக் குமாஸ்தாவுக்கு இது சிறு தொல்லை. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளருக்கோ சீவனத்தைத் தொடும் விஷயம். ஒரு நிற உடலையும் வேறு நிறக் கரையையும் இழை பிசகாமல் கோர்வையில் இணைக்க வேண்டியவர் அவர். கை முதிர்ந்து திறமை உச்சத்தில் நிற்கும் வயதிலேயே கண் அவரைக் கைவிடுகிறது.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதும் அதற்கு மேலும் வயதுள்ள 751 தொழிலாளரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2018-ல் வெளியாயிற்று. கிட்டப் பார்வைக் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தி, பெறாதவர்களை ஒப்பிடுங்கால் ஏறத்தாழ 22 சதவிகிதம் கூடுதலாக உயர்ந்ததாம். கொழுந்து கிள்ளுவதற்கே இவ்வளவென்றால் பட்டிழைக்கு எவ்வளவு என்று நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

கண்ணாடி மலிவுதான், அதைச் சரியாக அளந்து கொடுக்கும் ஆள்தான் அரிது. அவ்வாளை உண்டாக்குவதே ஆப்டோமெட்ரி என வழங்கும் கண் பார்வைச் சோதனைக் கல்வி. சென்னைச் சங்கர நேத்ராலயத்தைச் சார்ந்து 1985-ல் தொடங்கிய எலைட் பள்ளி இத்துறையில் முன்னோடி. இன்று இப்பட்டப் படிப்பை நடத்தும் கலாசாலைகள் பல. இவற்றுள் நல்லது எது?

கலாசாலைகளின் விளம்பரத் தாள்கள் கட்டடங்களையும் யந்திரங்களையும் காட்டுகின்றன. நியாயஸ்தலத்தில் பழகிய நமக்கு, வாதியின் சொந்த வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதும் வழக்கமில்லை. ஆசிரியர் அருகிருந்து திருத்த, மாணாக்கர் தம் கையால் எத்தனை கண்களைச் சோதித்தார் என்பதே நாம் கேட்கும் சாட்சியம். யந்திரம் ஓர் எண்ணைச் சொல்லிவிடும். சிறு பிள்ளையின் கண்ணோ உள்தசையை இறுக்கி யந்திரத்தையே ஏமாற்றிவிடும். அப்போது மருந்துத் துளி விட்டு, ரெட்டினாஸ்கோப்பின் ஒளிக்கீற்றைக் கண்பாவையில் அசைத்து, திரும்பும் ஒளியின் போக்கைக் கொண்டு குறையைக் கணிக்கும் கைப்பழக்கம் வேண்டும். கண்ணாடியால் தீராத நீர் அழுத்த நோயையும் நீரிழிவின் கேட்டையும் கண்டு வைத்தியரிடம் அனுப்பும் விவேகமும் வேண்டும். இவை புத்தகத்தில் வருவன அல்ல. நோயாளிகள் திரளும் வைத்தியசாலையில் வருவன. பயிற்சிக் காலத்தில் மாணாக்கரைக் கடை வாயிலில் நிறுத்திக் கண்ணாடிச் சட்டம் விற்கச் சொன்னால் அது பயிற்சியன்று, கூலியில்லா வேலை.

இன்னொன்று, நமக்கு இதைவிட முக்கியமானது. நெசவாளரின் மகள் தமிழில் பள்ளிப் படிப்பை முடித்துச் செல்கிறாள் என்று கொள்வோம். முதலாண்டிலேயே ஒளியியலும் உடற்கூறும் ஆங்கிலத்தில் அவள்மீது விழுகின்றன. அறிவில்லாமலன்று, பாஷையினால் தோற்கிறாள். முதல் சில மாதங்கள் தமிழில் விளக்கிச் சொல்லும் ஓர் ஆசிரியரை மாலை வேளையில் அமர்த்த எந்த நிர்வாகத்துக்கும் பெருஞ்செலவு ஆகாது. விடுதிக் கட்டணமும் பயிற்சியாண்டின் உதவித்தொகையும் இதே வகையின. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணமின்றி, உதவித்தொகையும் தந்து இரண்டாண்டுகள் கண் பராமரிப்புப் பணிக்குப் பழக்குகிறது. அது பட்டப் படிப்பன்று. எனினும் ஏழைப் பெண்ணைப் படிப்பில் நிலைநிறுத்தும் வழி அங்கே தெரிகிறது.

2021-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டம் இத்தொழிலையும் உள்ளடக்கி, கல்வித் தரத்தை வகுக்கும் அதிகாரத்தைத் தேசியக் கமிஷனுக்கு அளித்தது. சட்டம் ஏட்டில் கிடந்தால் பயனென்ன? ஒவ்வொரு கலாசாலையும் சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, ஒரு மாணாக்கர் சோதித்த கண்கள் எத்தனை, பயிற்சியாண்டில் கொடுத்த தொகை யாது என்பவற்றை ஆண்டுதோறும் வெளியிடுமாறு கமிஷன் கட்டளையிட வேண்டும். பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்கப் பெற்றோரும் தயங்கலாகாது.

காஞ்சியின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு யோசனை. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக் கலாசாலைகளைத் தறிக்கூடங்களுக்கு அழையுங்கள். படிக்கும் கண்ணாடி புத்தகத்தின் தூரத்துக்கு எழுதப்படுவது. குழித்தறியில் அமர்ந்தவரின் கண்ணுக்கும் பாவுக்கும் உள்ள தூரம் வேறு. அத்தூரத்தை அங்கேயே அளந்து மாணாக்கர் கண்ணாடி எழுதிப் பழகட்டும். அச்சோதனையைப் பரீக்ஷையின் மதிப்பெண்ணிலும் சேர்க்கட்டும்.