கதையைக் கேட்டுவிட்டுப் போனால் போதுமா?

துயரப்பட்டவர்களிடம் பேட்டி எடுக்கும் பண்புசார் ஆய்வுகள் பலவும் ஒரே தடத்தில் முடிகின்றன. ஒருவர் மனம்விட்டுப் பேசுகிறார். பதிவு எழுத்தாகி, தலைப்புவாரியாகப் பிரிக்கப்பட்டு, ஆய்வேடாகிறது. பேசியவர் கைக்கு ஒரு பக்கம்கூட வருவதில்லை. இது அநியாயம். அத்துடன், ஆய்வாகவும் இது பாதி வேலைதான். சொன்ன கதை சொன்னவரிடமே திரும்பி, அவர் அதைத் திருத்தி மேலும் பேசும்போதுதான் நாம் அறிய வந்தது முழுசாகத் தெரியவரும்.

ஒருவர் தன் வாழ்க்கைக் கதையைப் புதிதாகச் சொல்லிப்பார்க்க உதவும் கதையாடல் சிகிச்சையின் வரலாறே இதற்குச் சான்று. 1970களில் கலிஃபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில் முதிய யூதக் குடியேறிகளிடையே களஆய்வு செய்தார் மானுடவியலாளர் பார்பரா மையர்ஹாஃப். பிள்ளைகள் தொலைவில், பிறந்த ஊர்களோ நாஜிகளின் கொலைவெறியில் அழிந்துபோயின. ஏறிட்டுப் பார்க்க ஆளில்லாத அந்த முதியவர்கள், தங்கள் வாழ்க்கையைப் பிறர் முன் சொல்லிக்காட்டும் தருணங்களைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டதை அவர் கவனித்தார். அவர்களுக்காக வாழ்க்கை வரலாற்று வகுப்பும் நடத்தினார். பிறர் முன் சொல்லிக்காட்டும் இந்த வழக்கத்தையே ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த சிகிச்சையாளர் மைக்கேல் வைட் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். ஒருவர் பேசி முடித்ததும், கேட்டவர்கள் எந்தச் சொல் தங்களைத் தொட்டது, அது தங்கள் வாழ்வில் எதைக் கிளறியது என்று சொல்வார்கள். அறிவுரையும் பாராட்டும் கூடாது. பிறகு முதலில் பேசியவர் மீண்டும் பேசுவார். அந்த இரண்டாம் பேச்சு, பேட்டியோடு எழுந்துபோகும் ஆய்வாளருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

கதையைத் திருப்பிக் கொடுத்தால் அது மாறிவிடும், ஆய்வின் நடுநிலை போய்விடும் என்பார்கள். ஒரு மணி நேரப் பேட்டியும் கதையை மாற்றத்தான் செய்கிறது; முதல் சொல்லையும் மாறிய சொல்லையும் சேர்த்தே பதிவுசெய்வதுதான் நேர்மை. இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று: ஆய்வாளர் மருத்துவர் அல்லர், ஆறாத புண்ணைக் கிளறிவிட்டுப் போகலாமா? கூடாதுதான், பயிற்சியும் துணைக்கு ஆளும் வேண்டும். ஆனால் கேட்கும் வரிசையை மாற்றினாலே பெரும் ஆபத்து குறையும். எய்ட்ஸால் உறவுகளை இழந்த, ஆப்பிரிக்காவின் தென்பகுதிக் குழந்தைகளுக்காக, கதையாடல் முறையில் பணியாற்றும் என்கசெலோ என்கியூபேயும் டேவிட் டென்பரோவும் உருவாக்கிய 'வாழ்வின் மரம்' என்ற பயிற்சி இதைக் காட்டுகிறது. குழந்தை ஒரு மரம் வரைகிறது. வேரில் வந்த வழி, தண்டில் தன் திறமைகள், கிளையில் ஆசைகள், இலைகளில் பிரியமானவர்கள். மரங்களையெல்லாம் சுவரில் சேர்த்து ஒட்டிக் காடாக்கிய பிறகே வாழ்வில் வீசிய புயலைப் பற்றிய பேச்சு வருகிறது. நிற்க ஓர் இடம் கிடைத்த பின்தான் இழப்பைத் தொடுகிறார்கள்.

தனிமனிதரைத் தேற்றிவிட்டால் ஊரின் காயம் ஆறுமா என்ற கேள்வியும் நியாயமானதே. வட இலங்கையின் போர்க்காயங்களை ஆராய்ந்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007-இல் வெளியிட்ட பண்புசார் ஆய்வு, தனிமனித மனம் மட்டுமின்றிக் குடும்பமும் ஊரும் அவற்றுக்குள் இருந்த நம்பிக்கையும் உடைந்துபோயின என்று காட்டியது. ஊரே உடைந்திருக்கையில், கேட்ட கதைகளை ஊர்க்கூட்டத்துக்கே கொண்டுபோக வேண்டும். எதைச் சொல்லலாம், யார் பெயரை மறைக்க வேண்டும் என்பதைச் சொன்னவர்களே முடிவுசெய்ய வேண்டும். அதற்கான நாளும் பணமும் ஆய்வுத் திட்டத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று அறநெறிக் குழுக்கள் அனுமதி தருமுன் கேட்கட்டும்.