காதுக்குள்ளே ஒரு மேடை!

2014ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள். அந்த ஒரே நாளில், உலகத்தின் இரு கோடிகளில் இரண்டு குரல்கள் பிறந்தன.

ஒன்று டில்லியிலே. பிரதமர் நரேந்திர மோடியின் 'மன் கி பாத்'. அதற்குத் துணையாக அகில இந்திய வானொலி இருந்தது; தூரதர்ஷன் இருந்தது; அரசாங்கம் என்னும் மாமலை இருந்தது.

மற்றொன்று அமெரிக்காவிலே. 'சீரியல்' என்று பெயர். சாரா கேனிக் என்ற செய்தியாளரும் அவருடைய கூட்டாளிகள் சிலரும் தொடங்கியது. அதற்கு அரசாங்கம் இல்லை; ஆணை இல்லை; அதிகாரம் இல்லை. 1999இல் பால்டிமோர் பகுதியில் நடந்த ஒரு கொலை வழக்கைத் துருவித் துருவி ஆராய்ந்து, வாரம் ஒரு பகுதியாகச் சொன்னார்கள். அவ்வளவுதான்! மறு ஆண்டே பீபாடி விருது அவர்கள் வாயிற்படி ஏறிற்று. வலையொலி ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை. 2020இல் 'நியூயார்க் டைம்ஸ்' ஏடு அந்த நிறுவனத்தையே விலை கொடுத்து வாங்கிக் கொண்டது.

மலையின் மீது நின்று பேசிய குரலும் வளர்ந்தது; மண்ணிலே நின்று பேசிய குரலும் வளர்ந்தது. எப்படி? அந்த 'எப்படி'யைத்தான் தோழர்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

இப்போது ஏன் இந்த ஆராய்ச்சி என்கிறீர்களா? ஊர்தோறும் நம் இளைஞர்கள் வலையொலி — ஊரார் வழக்கிலே பாட்காஸ்ட் — தொடங்குகிறார்கள். முதல் பகுதிக்கு வாழ்த்துச் செய்தி வருகிறது. நான்காம் பகுதி வரை வேகம் இருக்கிறது. ஐந்தாவது வருமா என்று ஆண்டவனைத்தான் கேட்க வேண்டும். அவரிடம் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் நாம்! பேச்சிலே குறையில்லை. பேசிய பிறகு அதைப் பரப்ப ஆளில்லை, நிலைநாட்ட முறையில்லை. அதுதான் குறை.

பாட்காஸ்ட் என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. 2004 பிப்ரவரியில் இலண்டன் 'கார்டியன்' ஏட்டிலே பென் ஹாமர்ஸ்லி என்பவர் எழுதியது. ஐபாட் என்ற இசைக் கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் ஒட்டிப் பார்த்தார், ஒட்டிக்கொண்டது. அந்த ஐபாட் கருவியை 2022இல் ஆப்பிள் நிறுவனமே நிறுத்திவிட்டது. கருவி போய்விட்டது, பெயர் வாழ்கிறது!

இந்த ஒலியைக் கேட்பவர் கைக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டுக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். தோழர்கள் துள்ளி எழ வேண்டாம்! இது நாகபுரியிலே பிறந்ததல்ல. 'மிக எளிய விநியோகம்' என்பது இதன் பொருள். ஓரிடத்திலே ஒலியை ஏற்றி வைத்தால், பின்தொடர்வோர் அனைவரின் கைபேசிக்கும் அது தானே போய்ச் சேரும். சந்தா கட்டியவர் திண்ணையிலே ஏடு வந்து விழுவதுபோல. அந்த முகவரி நம் கையில் இருக்கட்டும். ஒரு செயலிக்காரர் கதவைச் சாத்தினால், இன்னொரு செயலியின் வழியே அதே குரல் ஒலிக்கும். முகவரியை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டால், வாடகை வீட்டிலே வளைகாப்பு நடத்திய கதைதான்.

வானொலிக்கு இந்த வசதி உண்டா? அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று 1995இலேயே உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் 2001இல் தனியார் பண்பலை நிலையங்கள் வந்தபோது, பாட்டுப் போட அனுமதி கிடைத்தது. சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி கிடைக்கவில்லை. பாடலாம், ஆடலாம், நாட்டு நடப்பைப் பேசக்கூடாது! வலையொலிக்கோ அலைவரிசை உரிமம் வேண்டியதில்லை. கைபேசியும் கருத்தும் இருந்தால் போதும்.

வாசல் திறந்திருக்கிறது. ஆனால் திறந்த வாசலில் எல்லோரும்தான் நுழைகிறார்கள், பொய்யரும் நுழைகிறார்கள். 2023 மார்ச்சு மாதத்தை மறந்துவிட்டோமா? தமிழ்நாட்டிலே பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலிக் காணொலிகள் பறந்தன. நம்மோடு தோளுரசி உழைத்த தோழர்கள் அஞ்சி நடுங்கினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரிலே வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. பொய்க்கு முகவரி தேவையில்லை. அது காற்றிலே வரும். உண்மைக்குத்தான் முகவரி வேண்டும். "இந்தக் குரல் சொன்னால் சரியாக இருக்கும்" என்று தொழிலாளி முன்கூட்டியே நம்பும்படி ஒரு குரல் இருக்க வேண்டும். வதந்தி கிளம்பிய பிறகு அந்தக் குரலைத் தேடினால், தீப்பிடித்த பின் கிணறு வெட்டும் வேலைதான்.

அந்த நம்பிக்கைக்குத்தான் விளம்பரத் தொழிலிலே 'பிராண்ட்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நாம் முத்திரை என்போம். உதயசூரியனைச் சுவர்தோறும் வரைந்து, எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அடையாளம் காட்டியவர்களுக்கு, முத்திரை என்றால் என்ன என்று பட்டணத்துக் கம்பெனி வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை!

முத்திரைக்கு முதல் தேவை, பெயர். பெயரிலே என்ன இருக்கிறது என்பவர்களுக்கு 2023 மே மாதத்தை நினைவூட்டுகிறோம். இனி 'ஆகாசவாணி' என்றே சொல்ல வேண்டும் என்று பிரசார் பாரதி ஆணையிட்டதும் தமிழ்நாட்டிலே எதிர்ப்புக் கிளம்பியது. வானொலி என்ற சொல்லில் நம் மொழி இருக்கிறது என்பதால்தானே! நாம் வைக்கும் பெயரும் வாயில் நுழைய வேண்டும். செவியில் தங்க வேண்டும். இன்று ஒரு பெயர், நாளை ஒரு பெயர் என்று மாற்றினால், ஒன்றும் நிலைக்காது.

இரண்டாவது, நேரம். 'மன் கி பாத்' மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை 11 மணி. தேர்தல் காலம் தவிர அந்த முறை தொடர்ந்தது. 2023 ஏப்ரல் 30இல் நூறாவது பகுதியும் வந்தது. அதில் சொல்லப்படும் கருத்து நமக்கு உடன்பாடா? இல்லை. ஆனால் கருத்தை மறுக்கிறவர்கள், கட்டுப்பாட்டைக் கற்றுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை. வாரந்தோறும் முடியாதென்றால், மாதம் ஒன்று போதும். சொன்ன நாளிலே வரட்டும்.

மூன்றாவது, குரல். இலங்கை வானொலியின் அப்துல் ஹமீது பேசத் தொடங்கினால், பெயர் சொல்ல வேண்டுமா? கடல் கடந்து வந்த குரலைத் தமிழ்நாடு கண்டுகொண்டது. நாகூர் அனிபாவின் பாட்டு ஒலித்தால், கழகக் கூட்டம் நடக்கிறது என்று அடுத்த தெருவுக்கும் தெரிந்தது. அப்படி ஒரு தொடக்க இசை, ஒரு நிலையான குரல் வேண்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இது மைதானமல்ல, மனிதனின் காது! மாநாட்டு முழக்கத்தை அங்கே முழங்கினால், கேட்பவர் கழற்றி வைத்துவிடுவார். 2023 செப்டம்பரில் கழகத் தலைவர் மு.க.ஸ்டாலின் 'ஸ்பீக்கிங் ஃபார் இந்தியா' என்ற ஒலித் தொடரைத் தொடங்கியபோது, இந்தத் தனி மேடையின் தேவையை இயக்கத்துக்கு எடுத்துக்காட்டினார்.

நான்காவது, பரப்பும் பணி. 'சீரியல்' என்ன செய்தது? அதன் முதல் பகுதியை, 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்ற புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியிலே ஒலிபரப்பினார்கள். கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போய்க் குரல் கொடுத்துத் தம் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்! நமக்குக் கூட்டம் இருக்கும் இடமா இல்லை? தேநீர்க் கடையிலே ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, பத்துப் பேர் செவிமடுத்த இயக்கமல்லவா இது! அந்தக் கடையிலே, ஆட்டோ நிறுத்தத்திலே, ஆலை வாயிலிலே, படிப்பகத்திலே இரண்டு நிமிடம் ஒலிக்கவிடுங்கள். பிடித்திருந்தால், கைபேசியை வாங்கிப் 'பின்தொடர்' என்ற பொத்தானை எங்கே அழுத்துவது என்று காட்டிக் கொடுங்கள். பக்கத்து ஊர்த் தோழரின் வலையொலியிலே நீங்கள் பேசுங்கள். உங்களுடையதிலே அவரைப் பேசச் சொல்லுங்கள். அவரவர் கேட்போர் இருவருக்கும் உறவாவார்கள்.

காசு கொடுத்துக் கணக்கைப் பெருக்கிக் காட்டும் வித்தைக்காரர்களும் வருவார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். இல்லாத பத்தாயிரம் பேரைவிட, இருக்கிற நூறு பேர் மேல். தையல் இயந்திரத்தின் முன்னே குனிந்திருக்கும் திருப்பூர்த் தொழிலாளியின் கை ஓயாது, கண் ஓயாது, காது மட்டும்தான் அவருக்கு மிச்சம். இரவெல்லாம் லாரி ஓட்டும் தோழருக்கும் அப்படியே. அந்தக் காதை நமக்குத் தந்தால், அது அவர் தரும் கடன். தவறான செய்தி சொல்லிவிட்டால், அடுத்த பகுதியின் முதல் வரியிலேயே திருத்தம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி, ஓராயிரம் சுவரொட்டிக்குச் சமம்.

வதந்தி எப்போது வரும் என்று நாள் குறித்துச் சொல்வதில்லை. அது வரும்போது தொழிலாளியின் விரல் எந்தக் குரலைத் தேடி அழுத்துகிறது என்பதுதான் கேள்வி. அந்த விடையை அன்றைக்கு எழுத முடியாது. இன்றைக்கே எழுத வேண்டும்.

தோழர்களே! ஒலிவாங்கியைப் பிடித்தவர் பேசட்டும். பிடிக்காதவர் பரப்பட்டும். இந்த வாரம் ஆளுக்கு ஒரு காது — அதைத் தேடிப் புறப்படுங்கள்!